ஹட்டன் டயர் ரீபில்ட் சேகரிப்பு நிலையம்: வாகனம் வைத்திருப்போருக்காக ஒரு மதிப்பீடு

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயா நோக்கிச் செல்லும் வீதியோரத்தில், தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட நீண்ட கட்டடமொன்றில், டயர் ரீபில்ட் செய்வதற்கான சேகரிப்பு நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அவிசாவளைப் பக்கத்திலுள்ள தொழிற்சாலை ஒன்று, மலையகத்து லொறிகள், பஸ்கள், வேன்கள் ஆகியவற்றின் தேய்ந்த டயர்களை இங்கே பெற்றுக்கொண்டு, கீழே கொண்டுசென்று புதிய மேல்பட்டை இட்டு, மீண்டும் இங்கேயே கொண்டுவந்து ஒப்படைக்கிறது. எங்கள் குடும்பத்தின் தேயிலைக் கொழுந்து லொறிகளுக்கும் நோர்வூட் பக்கம் ஓடும் பஸ்ஸுக்கும் டயர் வாங்குவது, மாற்றுவது, கணக்கு வைப்பது எல்லாம் என் பொறுப்பில் இருப்பதால், இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதற்காக நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்; அந்த வீதியில் லொறி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவார்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல முறையில் ரீபில்ட் செய்து தரும் தொழிற்சாலைகள் நாட்டில் வேறும் உண்டு. இந்த நிலையத்தின் சிறப்பு, தேய்ந்த டயர் எங்கள் முற்றத்திலிருந்து புறப்பட்டு மறுபடி எங்கள் முற்றத்துக்கே வந்து சேரும் பாதையை அவர்கள் யோசித்து அமைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் இன்னும் சரிசெய்யப்படாத குறைகளும் உள்ளன. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் மலையகத்தில் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் பலருக்கு டயர்ச் செலவு எரிபொருளுக்கு அடுத்த பெருஞ்செலவாக இருக்கிறது.

டயரின் பெறுமதியில் பெரும்பகுதி அதன் கேசிங்கில், அதாவது மேல்பட்டை நீங்கலான உடற்பகுதியில், அடங்கியிருக்கிறது. வீதியில் உரசித் தேய்வது மேல்பட்டை மட்டுமே. உள்ளே இருக்கும் நைலோன் நூலடுக்குகளும், ரேடியல் டயரென்றால் உருக்குக் கம்பி அடுக்குகளும், ரிம்மில் இறுகப் பிடிக்கும் கம்பி வளையங்களும், மேல்பட்டை மொட்டையான பிறகும் உழைக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி இறுக்கப்பட்ட இறப்பரை உருக்கி, முன்பிருந்த தரத்திலேயே மறுபடி வார்க்க முடியாது என்பதால், கேசிங்கைக் கேசிங்காகவே காப்பாற்றி அதன் மேல் புதுப்பட்டை இடுவதுதான் அந்த உழைப்பையும் மூலப்பொருளையும் வீணாக்காத வழி. டயர்த் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கின்படி, புதிய லொறி டயர் ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 22 கலன் எண்ணெய் செலவாகிறது. ரீபில்ட் செய்ய ஏறத்தாழ 7 கலன் போதும். ரீபில்ட் என்றாலே ஏழை வாகனங்களுக்கானது என்று நினைப்பவர்கள், பயணிகள் விமானங்களின் டயர்களும் பலமுறை இவ்வாறு புதுப்பிக்கப்பட்டே ஓடுகின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து, இறக்குமதி டயரின் விலை கைக்கெட்டாமல் போன மாதங்களில், எங்கள் பக்கத்துச் சிறு லொறி உரிமையாளர்கள் பலரைத் தாங்கிப் பிடித்தது ரீபில்ட் டயர்தான். இன்றும் அதன் கட்டணம், அளவையும் தரத்தையும் பொறுத்து, புது டயர் விலையின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் நிற்கிறது.

ஆனால் கேசிங்கைத் திரும்பப் பெறுவது, புது டயரை விற்பதைவிடச் சிக்கலான வேலை. புது டயர் ஓரிடத்திலிருந்து பல கடைகளுக்குப் போகிறது. எத்தனை தேவை, எந்த அளவு, எப்போது என்பதெல்லாம் கட்டளைச் சீட்டிலேயே இருக்கும். தேய்ந்த டயர் பல முற்றங்களிலிருந்து ஓரிடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. எத்தனை வரும், எப்போது வரும், எந்த நிலையில் வரும் என்ற மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து லொறிகள் நிற்கும்போது ஒரே வாரத்தில் குவியலாக வரும்; கொழுந்து மிகுந்த காலத்தில் ஒருவரும் வண்டியை நிறுத்த விரும்பாததால் நிலையத்து ராக்கைகள் வெறுமையாகக் கிடக்கும். வந்த டயர்களிலும் ஒரு பகுதி எந்தப் பட்டையையும் தாங்காத நிலையில் இருக்கும். திரும்பிவரும் பொருட்களுக்கான வலையமைப்பை வகுப்பவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, நல்லதையும் கழிவையும் எந்த இடத்தில் வைத்துப் பிரிப்பது என்பதுதான்.

எல்லாவற்றையும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அங்கே பிரித்தால், சிறந்த கருவிகளையும் தேர்ந்த கைகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, பயனற்ற டயர்களையும் கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக ஏ7 வீதியின் அத்தனை வளைவுகளிலும் சுமந்து இறக்க வேண்டும். பிறகு அவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க மறுபடி மேலே ஏற்ற வேண்டும். டயர் எடையைவிட இடத்தைத்தான் அதிகம் பிடிக்கும் பொருள். ஒரு டயரின் விளிம்புக்குள் மற்றொன்றின் பாதியைச் சாய்த்துச் செருகி அடுக்கினாலும், லொறி அதன் எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே நிறைந்துவிடும். அந்த இடத்தில் நான்கில் ஒன்று கழிவாக இருந்தால்கூட அதன் செலவு மற்ற மூன்று டயர்களின் கட்டணத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். இந்த நிறுவனம் முதற்கட்டப் பரிசோதனையை மலைக்கு மேலேயே வைத்திருக்கிறது. நான் மிகவும் மதிக்கும் முடிவு இது.

பரிசோதனையைச் செய்பவர் வட்டவளையைச் சேர்ந்த நடுவயதுக்காரர். பெரிய லொறிகளுக்குச் சக்கரம் மாற்றியே வளர்ந்தவர் என்பது அவருடைய கைகளைப் பார்த்தாலே தெரியும். டயரை விரித்துப் பிடிக்கும் இயந்திரத்தில் ஏற்றி, உட்புறத்தில் ஒரு கம்பி விளக்கை இறக்கி, ஒரு கையால் டயரைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே மறுகையின் விரல் நுனிகளை உட்சுவரில் ஓட விடுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தட்டுப்பட்டதும் சுழற்சி நிற்கும். அந்த இடத்தில் மஞ்சள் சோக்கால் வட்டமிட்டு, வெளிப்புறத்தில் சிறு சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார். அடுக்கு விட்டிருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஆணி ஏறிய துளை இருந்தால் முனை மழுங்கிய ஊசியை விட்டு அதன் ஆழத்தையும் சரிவையும் பார்ப்பார். எங்கள் லொறி டயர் ஒன்றை அவர் ஒதுக்கியபோது, "இது போகாதுண்ணே, காத்துக் கொறைஞ்சே ஓடியிருக்கு, பக்கத்துல நூல் விட்டிருச்சு" என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். பக்கச்சுவரின் உட்புறத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட மெல்லிய சுருக்க வரிகளை, அவர் காட்டியிராவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

காற்றுக் குறைந்த நிலையில் பாரம் ஏற்றி ஓடிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து விரிகிறது. அதில் உண்டாகும் சூட்டால் நூலும் இறப்பரும் பிரியத் தொடங்குகின்றன. ரேடியல் டயரில் இதன் விளைவு இன்னும் ஆபத்தானது. மடிந்து மடிந்து களைத்த உருக்குக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, காற்றடிக்கும்போதே பக்கச்சுவர் நீளவாக்கில் கிழியக்கூடும். மலையகத்து டயர்களுக்கு வேறொரு நோயும் உண்டு. றம்பொடை, கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடிப்பதால் எழும் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்குள் இறங்கி, அங்குள்ள இறப்பரை வறட்டி வெடிக்கச் செய்கிறது. தோட்டப் பாதைகளின் கூர்க்கற்களால் விழும் வெட்டுகளுக்கு ஒட்டுப் போடலாம். வறண்டு வெடித்த விளிம்புக்கு மருந்தில்லை. ஆகவே அவர் விளிம்பைத் துணியால் துடைத்து, விரல் நகத்தால் கீறிப் பார்த்த பிறகே டயரை ஏற்றுக்கொள்வார். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் கடைசி நான்கு இலக்கங்களையும் குறித்துக்கொள்வார். அவற்றில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டுபவை; 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

ஏற்றுக்கொண்ட டயரின் பக்கச்சுவரில் ஓர் இலக்கத் துண்டைச் சூடாக்கி ஒட்டுகிறார்கள். அதே இலக்கம், டயரின் அளவு, தயாரிப்பு நிறுவனம், தொடர் இலக்கம், சோக்கு வட்டங்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதிய சிட்டை நம் கைக்கு வருகிறது. இந்தச் சிட்டையை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், முன்பு டயர் கொடுத்து வந்த வேறோர் இடத்தில், நல்ல நிலையில் ஒப்படைத்த எங்கள் கேசிங்குகளுக்குப் பதிலாக ஏற்கனவே இரண்டு மூன்று முறை பட்டை மாற்றப்பட்ட வேறு கேசிங்குகள் திரும்பி வந்தன. கேட்டபோது எல்லாம் ஒன்றுதான் என்று பதில் கிடைத்தது. எல்லாம் ஒன்றல்ல. காற்றை ஒழுங்காகப் பார்த்து, அதிக பாரம் ஏற்றாமல், நூல் தெரியும் வரை ஓட்டாமல் சரியான நேரத்தில் கழற்றிக் கொடுத்தவருடைய கேசிங், அவர் சேர்த்துவைத்த பணம்.

இந்த நிலையத்தில் இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கேசிங்கே உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். காத்திருக்க முடியாதவர், அதே அளவில் ரீபில்ட் செய்து தயாராக உள்ள டயரை உடனே எடுத்துக்கொண்டு, தன் கேசிங்கின் தரத்துக்கு ஏற்ப வித்தியாசத் தொகையைக் கொடுத்துப் போகலாம். இரண்டாவது வழி சமையல் எரிவாயுச் சிலிண்டரை மாற்றுவது போன்றது. வெற்றுச் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே தரம் என்பதால் அங்கே மாற்று இலகுவாக நடக்கிறது. கேசிங்குகள் ஒரே தரமல்ல என்பதால் இங்கே நேர்மையான தரப்பிரிப்பு இல்லாமல் மாற்று நடக்க முடியாது. அவர்கள் கேசிங்கை மூன்று தரமாகப் பிரித்து, எந்தத் தரத்துக்கு எவ்வளவு தொகை கழிக்கப்படும் என்பதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிப்பது அவர்களுடைய ஆள் என்றாலும், நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், காரணம் கேட்கலாம், மறுத்துவிட்டு டயரை எடுத்துக்கொண்டும் போகலாம். பஸ்ஸுக்கு நான் எப்போதும் சொந்தக் கேசிங் வழியையே தேர்ந்தெடுக்கிறேன். ஒரு நாள் நின்றாலும் கூலி போய்விடும் கொழுந்து லொறிகளுக்கு மாற்று வழி உதவியாக இருக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை தொழிற்சாலை லொறி புதுப்பட்டை இட்ட டயர்களுடன் மேலே ஏறி, கேசிங்குகளுடன் கீழே இறங்குகிறது. இரு திசையிலும் வெறும் வண்டி ஓடாமல் பார்த்துக்கொள்வது மற்ற ஊர்களில் இலகுவாக இருக்கலாம். மலையகத்தில் சரக்கு ஓட்டம் வேறுவிதமானது: மரக்கறியும் தேயிலையும் கீழே இறங்குகின்றன, அரிசியும் மாவும் உரமும் மேலே ஏறுகின்றன. இறங்கும் திசையில் நுவரெலியாவின் மரக்கறி லொறிகள் ஏற்கனவே நிறைந்து வழிகின்றன. தேயிலை லொறியில் இடமிருந்தாலும் டயரை ஏற்ற எந்தத் தொழிற்சாலையும் சம்மதிக்காது. தேயிலை பக்கத்திலுள்ள எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் பொருள், ஏலத்துக்குப் போகும் தூளில் இறப்பர் வாடை ஏறினால் அந்தத் தொகுதியே கெட்டது. ஆகவே தனக்கென ஒரு லொறியை ஒதுக்கியிருப்பது ஆடம்பரமல்ல, வேறு வழியில்லாத ஏற்பாடு. அதற்கான செலவைக் குறைக்க, மேலே வரும்போது மீதியுள்ள இடத்தில் நகரத்து டயர் கடைகளுக்கான டியூப், ஃபிளாப் போன்றவற்றையும் ஏற்றி வருகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்து வீதிகளை மண்சரிவுகளால் துண்டித்தபோது, ஒரே தொழிற்சாலையையும் ஒரே வீதியையும் நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் எல்லோருக்கும் விளங்கியது. அந்த நாட்களில் நிலையத்தில் இருப்பு வைத்திருந்த மாற்று டயர்கள்தான் எங்கள் பக்கத்து வண்டிகள் சிலவற்றை ஓட வைத்தன. மேலே இருப்பு வைத்தால் மூலதனம் முடங்கும் என்பது உண்மையே. ஆனால் மலையில் சேவை நடத்துபவர் அந்த மூலதனத்தை முடக்கித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சாலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேசிங்கில் மிஞ்சியுள்ள பழைய பட்டையைக் குறித்த வளைவுக்கும் சொரசொரப்புக்கும் வருமாறு இயந்திரத்தில் சீவி, காயங்களைச் சுரண்டித் துப்புரவாக்கி நிரப்பி, பசை தெளித்து, மெல்லிய ஒட்டு இறப்பரைச் சுற்றி, அதன் மேல் ஏற்கனவே இறுக்கப்பட்ட பட்டையை அளவாக வெட்டி ஒட்டுகிறார்கள். பிறகு டயரை இறப்பர் உறையால் மூடி, பெரிய அழுத்தக் கலத்தில் அடுக்கி, 100 பாகை செல்சியஸை ஒட்டியோ சற்றுக் கூடவோ உள்ள சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அச்சுக்குள் வைத்துச் செய்யும் பழைய முறைக்கு 150 பாகை அளவில் சூடு தேவைப்படும்; சூடு குறைவாக இருந்தால் கேசிங்குக்கு வரும் களைப்பும் குறையும். இந்தக் குறைந்த சூட்டு முறை ஜேர்மனியில் பேர்னார்ட் நோவாக் என்பவரிடம் தொடங்கி, 1957இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ரோய் காவர் நிறுவிய பண்டாக் நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. அந்த நிறுவனத்தை 2007இல் பிரிஜ்ஸ்டோன் வாங்கியது. சீவும்போது விழும் இறப்பர்த் தூளையும் வீணாக்குவதில்லை, அது கால்மிதி போன்ற பொருட்களுக்குப் போகிறது. 1876இல் ஹெனரத்கொடையில் ஆசியாவின் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாடு இது என்பதையும், அவிசாவளையைச் சுற்றி இன்றும் இறப்பர்த் தோட்டங்கள் இருப்பதையும் நினைத்தால், தொழிற்சாலை அங்கே அமைந்திருப்பதில் வியப்பில்லை.

திரும்பி வந்த டயர்களின் உழைப்பைப் பற்றி: கொழுந்து லொறிகளின் பின்சக்கரங்களில் இட்ட டயர்கள், தோட்டப் பாதையின் கற்களையும் வளைவுகளின் உரசலையும் தாங்கி, புது டயரோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு ஓடியிருக்கின்றன. பட்டை விளிம்பு தூக்கிக்கொண்டு வந்த டயர் ஒன்று மட்டும் உண்டு. இலக்கத் துண்டைப் பார்த்து, சிட்டையைச் சரிபார்த்து, மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த லொறியில் கட்டணமின்றி மாற்று வந்தது. உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறது என்பதோடு, அது நடைமுறையிலும் இருக்கிறது என்பதை இதனால் சொல்கிறேன். பட்டை வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நல்ல ஆலோசனை தருகிறார்கள். ஈரமான செங்குத்துப் பாதையில் ஏறும் வண்டிக்கு ஆழமான குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பட்டையையும், கொழும்பு வரை ஓடும் வண்டிக்கு நீளவாக்குப் பள்ளங்கள் கொண்டதையும் பரிந்துரைத்தார்கள்; இரண்டும் பொருத்தமாகவே அமைந்தன.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதுமான குறை, ஒதுக்கப்பட்ட டயர்களைப் பற்றிய தகவல் எங்களுக்கு ஒழுங்காகத் திரும்பி வராதது. மேலே பரிசோதிப்பவர் வாயால் காரணம் சொல்கிறார், சரி. ஆனால் சீவிய பிறகு தொழிற்சாலையில் ஒதுக்கப்படும் டயருக்கு வரும் சிட்டையில் "பொருந்தாது" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. காற்றுக் குறைவா, பிரேக் சூடா, பழைய ஒட்டு விட்டதா, ஈரம் இறங்கியதா என்று எழுதினால், அடுத்த டயரைக் காப்பாற்ற எங்களுக்கு வழி தெரியும். திரும்பப் பெறும் வலையமைப்பில் டயர் மட்டும் பயணித்தால் போதாது, டயர் சொல்லும் செய்தியும் உரியவரை வந்தடைய வேண்டும். அவர்களிடம் தகவல் இருக்கிறது. சிட்டையில் நான்கு கட்டங்கள் கூடுதலாக அச்சிட்டால் போதும்.

இரண்டாவது குறை, நிலையம் ஹட்டனோடு நின்றுவிடுவது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கத்தவர்கள் டயரைத் தாங்களே ஏற்றி வர வேண்டும். ஒரு முச்சக்கர வண்டிக்காரரோ ஒற்றை வேன் வைத்திருப்பவரோ இரண்டு டயருக்காக அவ்வளவு தூரம் வருவதில்லை. பழைய டயர் லயத்துக் கூரையில் பாரமாகவோ, வீட்டுப் படிக்கட்டுக்கு மண் அணையாகவோ போய்விடுகிறது. ஒவ்வொரு ஊரிலும் பரிசோதகர் ஒருவரை வைப்பது கட்டுப்படியாகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு வல்கனைசிங் கடையுடன் பேசி, அங்கே டயரை ஒப்படைத்துச் சிட்டை பெறும் ஏற்பாட்டைச் செய்து, மாதத்துக்கு இரண்டு நாள் பரிசோதகரே அந்தக் கடைகளைச் சுற்றி வந்தால், கழிவை ஏற்றாமலே நல்ல கேசிங்கைச் சேர்க்க முடியும்.

மூன்றாவது, கேசிங்கைக் கொண்டு வருவதற்கான தூண்டுதல் போதாது. இயந்திரங்களைப் புனரமைத்து விற்கும் தொழிலில் இதற்கு நெடுநாள் வழக்கம் ஒன்றுண்டு. கட்டர்பில்லர் நிறுவனம் 1973இல் தொடங்கிய புனரமைப்புப் பிரிவில், புனரமைத்த உதிரிப்பாகத்தை வாங்கும்போது வைப்புத் தொகையொன்றை அறவிட்டு, பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதை மீள அளிக்கிறார்கள். பழையது அதன் நிலைமைக்கேற்ப மதிக்கப்படுவதால், உடைத்து நாசமாக்கும் முன்பே அதைக் கழற்றித் தர வேண்டும் என்ற அக்கறை பாவனையாளருக்கு வருகிறது. இங்கே சுவரில் எழுதியுள்ள கேசிங் விலைகளில் முதல் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையிலான வித்தியாசம் மிகச் சிறியது. பட்டையில் 3 மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கும்போதே கழற்றுபவருக்கும், நூல் தெரிந்து வெள்ளையாகும் வரை ஓட்டுபவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை கிடைத்தால், சாரதிகள் எதைத் தேர்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாத ஓட்டத்தை மிச்சப்படுத்த ஒரு முழு ஆயுளை இழக்கும் வழக்கம் இதனால்தான் தொடர்கிறது.

ஒதுக்கப்பட்ட டயர்களை என்ன செய்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். மேலே ஒதுக்கப்பட்டவற்றை நாம் எடுத்துச் செல்லலாம், விட்டுச் சென்றால் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் பழைய டயர்கள் எரிபொருளாகப் பயன்படுத்தப்பட்டு வருவதால், அவை குப்பைமேட்டுக்குப் போகாமல் இருக்க நாட்டில் ஒரு வழி உண்டு. அதுவரை அவை கூரைக்குக் கீழேயே அடுக்கப்பட்டிருப்பதை நான் கவனித்துப் பாராட்டுகிறேன். நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் பிரதேசங்களில் ஒன்றான வட்டவளை பக்கத்திலேயே இருக்கும்போது, வெளியே கிடக்கும் ஒவ்வொரு டயரும் நுளம்புக்குத் தொட்டியாகிறது. நாடளாவிய ரீதியில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான 2017ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரையால் கேசிங்குக்கும் நன்மை உண்டு. உட்சுவரின் வெடிப்பு வழியே இறங்கிய ஈரம், அழுத்தக் கலத்தின் சூட்டில் ஆவியாகி விரிந்து அடுக்குகளைப் பிரித்துவிடும். ரேடியல் டயரென்றால் கம்பியில் துருவும் பிடிக்கும். டயரைக் கொடுக்க நினைப்பவர்கள், கழற்றிய நாளிலிருந்தே அதை மழையில் விடாமல் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைப்பது நல்லது.

பஸ் வைத்திருப்போருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நிலையத்தில் கேட்டால் முன்சக்கரத்துக்கும் ரீபில்ட் செய்து தருகிறார்கள், வேண்டாமென்று தடுப்பதில்லை. இதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் பஸ்களின் முன்சக்கரங்களில் ரீபில்ட் டயர் இடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. ரீபில்ட் தொழில் மிகவும் வளர்ந்த நாட்டிலேயே அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. பின்சக்கரம் இரட்டையாக இருப்பதால் ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்கும். முன்சக்கரத்தில் அந்தத் துணை கிடையாது, அதுவும் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான வீதியில், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு. எங்கள் பஸ்ஸில் முன்னால் புது டயர், அது பாதி தேய்ந்ததும் பின்னால், பிறகு ரீபில்ட் என்ற வரிசையையே பின்பற்றுகிறோம். நிலையத்தாரும் பஸ்களுக்கு இந்த வரிசையை வலியுறுத்தினால், விற்பனை சிறிது குறைந்தாலும் அவர்கள் மீதான நம்பிக்கை கூடும்.

நிலையம் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் திறந்திருக்கும். லொறி இறங்குவதற்கு முந்திய நாளில் கூட்டம் அதிகம், பரிசோதகருக்கு நிதானமாகப் பார்க்க நேரம் இருப்பதில்லை; லொறி போன மறுநாள் காலையில் போனால் ஒவ்வொரு டயரையும் நம் கண்முன் விரித்துக் காட்டி விளக்குவார். டயரைக் கழுவிக் காயவைத்து, கல், ஆணி எதையும் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும், ஏனெனில் துளையின் சரிவை ஆணியோடு பார்ப்பதுதான் அவருக்கு வசதி. சிட்டையில் எழுதிய தொடர் இலக்கத்தை அங்கேயே பக்கச்சுவருடன் ஒப்பிட்டுப் பார்த்து, கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, சொந்தக் கேசிங் வேண்டுமா மாற்று வேண்டுமா என்பதை அதே சிட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.